வடிவு கண்ணை மறைக்கும்

நடுவர் ஐயாவுக்கும், கோயில் மணலில் பாய் விரித்து இருக்கும் அம்மாமார் அக்காமாருக்கும் வணக்கம்.

தோற்றத்தின் அழகு குணத்தைக் காட்டுமா, மறைக்குமா என்பது இன்றைய வழக்கு. காட்டும் என்று எதிரணித் தங்கச்சி பேசிவிட்டு இருக்கிறார். துணைக்கு வள்ளுவரையும் அழைத்துக்கொண்டார். 'அடுத்தது காட்டும் பளிங்குபோல் நெஞ்சம் கடுத்தது காட்டும் முகம்' என்றதும் நீங்களும் கை தட்டிவிட்டீர்கள். தங்கச்சி, அந்தக் குறள் எந்த அதிகாரத்தில் இருக்கிறது? குறிப்பறிதல். கோபமோ மகிழ்ச்சியோ நெஞ்சில் மிகுந்தால் முகத்தில் தெரிந்துவிடும் என்கிறார், அவ்வளவுதான். மூக்கும் முழியும் எடுப்பாக இருப்பவன் நல்லவன் என்று அதில் ஒரு சொல் கிடையாது. வெளித்தோற்றத்தைப் பற்றி அவர் பேசும் இடம் கூடாவொழுக்கம். குன்றிமணி போல வெளியே சிவந்து பளபளத்தாலும், உள்ளே அதன் மூக்கைப் போலக் கறுத்தவர்கள் உண்டு என்கிறார். அந்த மணி நஞ்சு என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் சொன்னார். நம் பேச்சிலேயே, அழகைக் குறிக்கும் வடிவு என்ற சொல்லுக்கு நல்லது என்றும் பொருள் இருக்கிறதாம். 'வடிவாகப் படி', 'வடிவாகக் கேள்' என்கிறோமே! உண்மையைச் சொன்னால், இந்த இடத்தில் நான் கொஞ்சம் ஆடித்தான் போனேன். பிறகு யோசித்தேன். 'முற்றத்தை வடிவாகக் கூட்டு மனே' என்று அம்மா சொன்னால், பிள்ளை பவுடர் பூசிக்கொண்டா விளக்குமாற்றைத் தூக்குகிறது? மூலையில் கிடக்கும் சருகும் போகவேண்டும், அதுதான் வடிவு. நம் சனம் செய்கைக்குக் கொடுத்த சொல்லைத் தங்கச்சி எடுத்து முகத்தில் பூசிவிட்டார்.

ஆற்றையும் குளத்தையும் மூடிப் படரும் ஆற்றுவாழையைத் தெரியாதவர் இங்கே யாராவது இருக்கிறீர்களா? ஊதாப் பூ பூத்துக் கிடந்தால் படம் எடுக்காமல் போக மனம் வராது. தென்னமெரிக்கச் செடி அது, அழகுக்காக இலங்கைக்குக் கொண்டுவந்தது. 1909 இல் அதை ஒழிக்க வெள்ளைக்காரன் தனிச்சட்டமே போட்டான். ஒரு பூவுக்கு எதிராகச் சட்டம், ஐயா! தோணி வலிக்கிறவரிடம் கேளுங்கள், அந்தப் பூவின் குணத்தை அவர் சொல்லுவார்.

சரி, செடியை விடுவோம். 1972 இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. 60 மாணவர்களிடம் முன்பின் தெரியாத ஆட்களின் படங்களைக் கொடுத்துக் குணம் சொல்லச் சொன்னார்கள். அழகானவர்களுக்கு நல்ல குணம், நல்ல வேலை, நல்ல குடும்ப வாழ்க்கை என்று அள்ளிக் கொடுத்தார்கள். நல்ல தாய் தகப்பனாக இருப்பார்கள் என்று மட்டும் சொல்லவில்லை. அந்த அளவுக்காவது புத்தி இருந்திருக்கிறது.

நாமும் அப்படித்தான் அள்ளிக் கொடுத்தோம். எங்கள் ஒழுங்கையில் சீட்டுப் பிடித்தவர் நல்ல நிறம், வெள்ளைச் சாரம், சந்தனப் பொட்டு. அவர் சிரித்தால் அம்மாவுக்கு ரசீது கேட்கத் தோன்றாது. கூரைக்குச் சேர்த்த காசோடு ஒருநாள் ஆள் தலைமறைவாகிவிட்டார். மறுகா போலீசில் அம்மா சொன்ன முதல் வார்த்தை, 'பார்த்தால் அப்படித் தெரியாது ஐயா.'

அன்று பின்னேரம் ஒருவர் சைக்கிளில் ஒரு மூடை நெல்லைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பேசாமல் போனார். எங்கள் ஊர் வடமோடிக் கூத்தில் துச்சாதனனாக ஆடுகிறவர். அந்த முகத்தையும் கட்டைக் குரலையும் பார்த்துத்தான் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் அவருக்கு அந்த வேசத்தைக் கொடுத்தார். அவர் களரிக்கு வந்தால் நான் அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொள்வேன்.

மணி அடிக்கிறீர்கள், தெரிகிறது ஐயா. தங்கச்சியிடம் ஒன்றே ஒன்று. அந்த மனிசன் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். இறங்கிப் போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, யாரென்று காட்டுங்கள். காட்டிவிட்டால் வழக்கை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.