கருப்பட்டிக் காப்பியும் கதவில்லாத செல்களும்

வணக்கம் நேயர்களே. நாகர்கோவிலில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நெடுநாள் உயிர்வேதியியல் நடத்தியவன் நான். இன்றைக்குச் சர்க்கரை நோய் உடம்புக்குள் செய்யும் சேதத்தைப் பற்றிப் பேச்சு. ஒரு காலிலிருந்து தொடங்குகிறேன்.

குலசேகரம் பக்கம் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியுமுன் நெற்றி விளக்கோடு தோட்டத்துக்குப் போவார். ஒருநாள் திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்தபோது இடது காலில் செருப்பு இல்லை. உள்ளங்காலில் சிரட்டைத் துண்டு ஒன்று ஏறி நிற்கிறது, ரத்தமும் மண்ணும் காய்ந்திருக்கிறது. "வலிக்கலியா அண்ணே?" என்றேன். "எங்க?" என்று குனிந்து பார்த்தார். பல வருடமாக அவருக்குச் சுகர்.

வலியைச் சொல்ல வேண்டிய நரம்பு கெட்டுப்போயிருந்தது. அந்தக் காலில் நடந்தது இதுதான். சும்மா இருக்கிற தசைச் செல் இன்சுலின் வந்து சொன்னால்தான் சர்க்கரைக்குக் கதவைத் திறக்கும். விழித்திரை, சிறுநீரகம், நரம்பு, ரத்தக்குழாயின் உட்சுவர் ஆகியவற்றின் செல்களுக்கு அந்தக் கதவைச் சாத்தத் தெரியாது. ரத்தத்தில் கூடினால் உள்ளேயும் கூடும். அதை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து, அதாவது செல்லுக்குள் இருக்கிற அடுப்பிலிருந்து, எதையும் அரிக்கிற முரட்டு வகை ஆக்சிஜன் அளவுக்கு மீறிச் சிதறுகிறது. குளச்சல் கடல்காற்றில் ஜன்னல் கம்பி துருவேறுவதைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் ஆக்சிஜன் வேலைதான். இதைத் தடுக்கச் செல்லுக்கு குளூட்டாதயோன் என்ற காவல் உண்டு. சர்க்கரை மிஞ்சினால் அந்தக் காவலைப் புதுப்பிக்க வேண்டிய சரக்கு வேறு வேலையில் செலவாகிவிடும். இந்தச் சேதங்களுக்கெல்லாம் வேர் ஒன்றே என்று சர்க்கரை நோய் ஆராய்ச்சியாளர் மைக்கேல் பிரவுன்லீ 2001இல் எழுதினார்.

அப்படியானால் அந்த முரட்டு ஆக்சிஜனை அடக்க வைட்டமின் மாத்திரை போதாதா என்பார்கள். 2000இல் வெளியான ஹோப் என்ற ஆய்வில், மாரடைப்பு அபாயம் கூடியவர்களுக்குத் தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ சுமார் நாலரை வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்பு குறையவில்லை. குழாயை மூடாமல் தரையைத் துடைத்து என்ன பயன்?

இன்னொன்று, கருப்பட்டி. இதை எங்கே போனாலும் சொல்வேன். அக்கானி, அதாவது பதநீர், காய்ச்சுகிற வாசனையில் வளர்ந்தவன் நான், எனக்கும் அதன்மேல் பிரியம் உண்டு. ஆனால் "சீனியை விட்டுட்டேன் சார், கருப்பட்டிக் காப்பிதான்" என்று எத்தனை பேர் நிம்மதியாகச் சொல்கிறார்கள்! கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், சீனியில் இருக்கிற அதே சுக்ரோஸ். கொஞ்சம் தாது உப்பு கூட இருக்கிறது, சரி. அதற்காக நரம்புச் செல் அதைக் கருப்பட்டி என்று கண்டு ஒதுக்குமா? மரச்சீனிக் கிழங்கும் அப்படித்தான், அவித்த மாவு வயிற்றில் குளுக்கோஸ் ஆகும். சாளை மீன் குழம்போடு நாலு துண்டு சாப்பிடுங்கள், ஒரு சட்டி வேண்டாம்.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சீக்கிரம் சொல்கிறேன். 1993இல் முடிந்த டிசிசிடி என்ற சர்க்கரை நோய் ஆய்வில், முதல் வகைச் சுகர்காரர்கள், அதாவது உடம்பில் இன்சுலின் சுரப்பே நின்றுபோனவர்கள், ஆரம்பத்திலேயே சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்ததன் பலன் பிறகும் பல வருடம் நின்றது. சாப்பிட்டபின் நடங்கள். வேலை செய்கிற தசை இன்சுலின் இல்லாமலும் சர்க்கரையை இழுக்கும். வருடம் ஒருமுறை கண்ணும், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்றும் பாருங்கள். கால்... அண்ணனின் உள்ளங்காலை இப்போது தினமும் ராத்திரி மதினி டார்ச் அடித்துப் பார்க்கிறார். வணக்கம்.