சைக்கிள் சேர்த்து வைக்குதா, பிரிச்சு வைக்குதா? "பிரிச்சுத்தான் வைக்குது"ன்னு பேசுன பேச்சு

நடுவர் அய்யா அவர்களே, எதிரணில உக்காந்துக்கிட்டு நான் வாயத் தொறக்குறதுக்கு முன்னாடியே சிரிக்கிற அண்ணன்மார்களே, நம்ம அபார்ட்மென்ட் பொங்கல் விழாவுக்கு வந்திருக்குற எல்லாருக்கும் வணக்கம். லேட்டா வந்தவங்களுக்காக தலைப்ப ஒருதடவ சொல்லிடுறேன், புருஷன் பொண்டாட்டிய சைக்கிள் சேர்த்து வைக்குதா பிரிச்சு வைக்குதா. நான் பிரிச்சு வைக்குதுன்னு பேச வந்திருக்கேன். எங்க வீட்டுக்காரர் மூணாவது வரிசைல உக்காந்திருக்காரு. ஞாயித்துக்கிழமைல அவர நான் வெளிச்சத்துல பாக்குறதே அபூர்வம், அந்த வகைல விழா கமிட்டிக்கு என் தனிப்பட்ட நன்றி.

எதிரணி அண்ணன் மேரி கியூரில ஆரம்பிச்சாரு. 1895 ஜூலைல மேரிக்கும் பியர் கியூரிக்கும் கல்யாணம், மொய்யா வந்த காசுல சைக்கிள் வாங்கி பிரான்ஸ்ல கிராமம் கிராமமா சைக்கிள்லயே ஹனிமூன் போனாங்க, அப்புறம் ரெண்டு பேரும் சேந்து நோபல் பரிசே வாங்குனாங்க, பாத்தீங்களா சைக்கிளோட மகிமையன்னு முடிச்சாரு. நீங்க கைதட்டுனீங்க, நானும் தட்டுனேன், ஏன்னா சொன்னது அத்தனையும் நெசம். ஆனா அண்ணன் கதைய நடுவுல நிறுத்திட்டாரு. 1897ல அவங்களுக்கு ஐரீன்னு பொண்ணு பொறந்தா. அதுக்கப்புறமும் அந்தம்மா லேபுக்குப் போனாங்களே, எப்படிப் போனாங்க? பியரோட அப்பா, டாக்டர் யூஜின் கியூரி, இவங்க வீட்டுக்கே வந்து தங்கி பேத்தியப் பாத்துக்கிட்டாரு. ஆக அந்தக் குடும்பத்த சேர்த்து வச்சது சைக்கிள் இல்லீங்க, மாமனார்! அப்படி ஒரு மாமனார எனக்குக் குடுங்க, சைக்கிள் என்ன, ஏரோப்பிளேன் ஓட்டப் போறேன்னு சொன்னாலும் சரின்னு சொல்றேன். இன்னொண்ணு கவனிச்சீங்களா, அவங்க வாங்குனது ரெண்டு சைக்கிள். அவருக்கு ஒண்ணு, அவங்களுக்கு ஒண்ணு. எங்க வீட்லயும் ரெண்டு சைக்கிள் இருக்கு. ரெண்டும் அவரோடதுதான், ஒண்ணு வெயிலுக்கு, ஒண்ணு மழைக்காம்.

அடுத்தது, இங்கிலாந்துல ஸ்டீவ் ஜோன்ஸ்னு ஒரு மரபியல் விஞ்ஞானி, மனுஷ இனத்தோட அண்மைக்கால பரிணாமத்துலயே சைக்கிள் வந்ததுதான் பெரிய விஷயம்னு சொல்லிருக்காரே, அதுக்கு முன்னாடி சொந்த ஊருக்குள்ளயே பொண்ணு எடுத்தவன் சைக்கிள் வந்தப்புறம்தானே பக்கத்து ஊர், அதுக்கடுத்த ஊர்னு போய்ப் பாத்து காதலிச்சுக் கல்யாணம் பண்ணான்னு கேட்டாரு. ஒத்துக்குறேன் அண்ணே, முழுசா ஒத்துக்குறேன். ஆனா நம்ம தலைப்பு கல்யாணத்துக்கு அப்புறம் என்ன ஆகுதுங்கிறது. காதலிக்கிறப்ப சைக்கிள் நம்ம தெருவுக்குள்ள வரும், ஒரு வேலையும் இல்லாம நாலு தடவ வரும், பெல் அடிக்கும், நம்ம வீட்டு வாசல்ல வந்து கரெக்டா செயின் கழலும். கல்யாணம் ஆனப்புறம் அதே சைக்கிள் நம்ம தெருவ விட்டு வெளிய போகும். வண்டி அதேதான், திசை மாறிடுச்சு, இந்தத் திசையப் பத்தி விஞ்ஞானி ஒண்ணும் எழுதல.

மூணாவதா அண்ணன் கண்ணக் கசக்குற மாதிரி ஒண்ணு சொன்னாரு. அந்தக் காலத்துல அப்பா சைக்கிள் மிதிப்பாரு, அம்மா கேரியர்ல ஒருக்களிச்சு உக்காந்திருப்பாங்க, முன்னாடி பார்ல துண்ட மடிச்சுப் போட்டு குழந்தைய உக்கார வச்சு செகண்ட் ஷோ பாத்துட்டு வருவாங்க, டபுள்ஸ் போனா போலீஸ் புடிச்சு காத்தப் புடுங்கி விடுவாங்கன்னு ஸ்டேஷன் வர்றதுக்கு முன்னாடியே அம்மா இறங்கி நடப்பாங்க, அப்பா தள்ளிக்கிட்டே வருவாரு, அந்த நெருக்கம் கார்ல வருமான்னு கேட்டாரு. வராது. அந்த வண்டி போற வேகத்துக்கு ரெண்டு பேரும் மூச்சு வாங்காம பேசலாம், நாத்தனார் கத பூராத்தயும் பேசி முடிக்கலாம். ஆனா அய்யா, அந்த நெருக்கம் எங்க இருந்துச்சுன்னு பாக்கணும்ல, அது சக்கரத்துல இல்ல, பெடல்ல இல்ல, அந்தக் கேரியர்லதான் இருந்துச்சு. இப்ப எங்க வீட்டு பெட்ரூம்ல ஒரு சைக்கிள் நிக்குது பாருங்க, ஆமா பெட்ரூம்லதான், பார்க்கிங்ல விட்டா கீறல் விழுமாம், அதுல கேரியர் எங்க இருக்கு? அந்த மாதிரி கார்பன் ஃப்ரேம் வண்டிங்க நிறையதுல கேரியர் மாட்டுறதுக்கு ஓட்டை கூட வைக்க மாட்டாங்க. வெயிட் கூடிடுமாம். பாட்டில் வைக்க ரெண்டு எடம் இருக்கு, பம்ப் சொருக எடம் இருக்கு, போன் மாட்ட எடம் இருக்கு, பொண்டாட்டிக்கு மட்டும் எடம் இல்ல. எதிரணி சாட்சிக்குக் கூப்பிட்டது பழைய சைக்கிள, இங்க கேஸ் நடக்குறது புது சைக்கிள் மேல.

கேஸ் என்னன்னு சொல்றேன். கூட்டத்துல இருக்குற சைக்கிள்காரங்க வீட்டம்மாங்களுக்குத் தெரியும், ஞாயித்துக்கிழம காலை ரைடுங்கிறது சனிக்கிழம சாயங்காலமே ஆரம்பிச்சிடும். எட்டர மணிக்கு சாப்பாடு, ஒம்பதுக்கு லைட் ஆஃப், படம் பாக்கலாமான்னு கேட்டா காலைல எந்திரிக்கணும்மா. ஹால்ல ஒரு பேப்பர விரிச்சு செயினுக்கு எண்ணெ போடுவாரு, அந்த வாசன திங்கக்கிழம வரைக்கும் போகாது. காலைல நாலரைக்கு அந்த ஷூ, அடில பெடல்ல மாட்டுறதுக்கு க்ளீட்டுன்னு ஒரு கட்டி இருக்கும், அதப் போட்டுக்கிட்டு டைல்ஸ்ல டக் டக் டக்னு நடந்து வாசலுக்குப் போவாரு, மெதுவா நடக்குறேன்னு நெனச்சுக்கிட்டு, அந்த டக் டக்ல புள்ள எந்திரிச்சிடும், அவரு போயிடுவாரு. ஈசிஆர்ல, அதான் கிழக்குக் கடற்கரை சாலைல, திருவான்மியூர்ல சேந்து மகாபலிபுரம் போய்ட்டுத் திரும்புனா நூறு கிலோமீட்டருக்குப் பக்கம் வரும். வந்து போன நீட்டுவாரு, பாரு, நாலு மணி நேரம்தான்னு. நானும் ரொம்ப நாள் நம்புனேங்க. அப்புறம்தான் தெரிஞ்சுது, ரைடையெல்லாம் பதிவு பண்ற அந்த ஸ்ட்ராவா ஆப்புல ரெண்டு டைம் இருக்கு, மூவிங் டைம் ஒண்ணு, எலாப்ஸ்டு டைம் ஒண்ணு. சக்கரம் சுத்துன நேரம் வேற, ஆளு வெளிய இருந்த நேரம் வேற. எங்கிட்ட காட்டுனதெல்லாம் மூவிங் டைம்! ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு மணி நேரம் இடிக்குதேன்னு கேட்டா, மகாபலிபுரத்துல பொங்கல் வட, அப்புறம் யாருக்கோ பஞ்சர், அப்புறம் கோவளத்துல டீ. குடும்பம் வாழுறது எலாப்ஸ்டு டைம்லங்க. கேஸ் சிலிண்டர் தீந்து போறது எலாப்ஸ்டு டைம்ல, புள்ளைய ஸ்விம்மிங் கிளாஸுக்குக் கூட்டிட்டுப் போறது எலாப்ஸ்டு டைம்ல.

உடம்பு நல்லாருக்கு, சுகர் கொறஞ்சிருக்கு, ஆளு ஜாலியா இருந்தா வீடும் ஜாலியா இருக்கும்னு எதிரணி சொல்லும். உடம்பு நல்லாத்தான் இருக்கு, நான் இல்லைங்கல. மத்தியானம் பிரியாணிக்கப்புறம் அந்த நல்ல உடம்பு சோபால அஞ்சு மணி வரைக்கும் தூங்குது.

இதாவது ஞாயித்துக்கிழமையோட போகும். பிரெவேன்னு ஒண்ணு இருக்கு, நேரக் கெடு வச்சு ரொம்ப தூரம் ஓட்டுற ரைடு, கேள்விப்படாதவங்க புண்ணியம் பண்ணவங்க. பிரான்ஸ்ல ஆடாக்ஸ் கிளப் பாரிசியன்னு ஒரு கிளப் வச்ச விதி, இங்கயும் அதே கணக்குலதான் நடக்குது. 200 கிலோமீட்டர பதிமூணர மணி நேரத்துக்குள்ள முடிக்கணும், 300க்கு 20 மணி நேரம், 400க்கு 27, 600க்கு 40. ரேஸ் கெடையாது, பரிசு கெடையாது, நாமதான் காசு கட்டணும். ஒரே சீசன்ல நாலையும் முடிச்சா சூப்பர் ராண்டனியர், எஸ்ஆர்னு பட்டம். கூட்டிப் பாருங்க, கடைசி நிமிஷம் வரைக்கும் ஓட்டுனா நூறு மணி நேரத்துக்கு மேல அரை மணி. இதுக்கு ப்ராக்டீஸ் ரைடு தனி. நாலையும் முடிச்சா நிறுத்திடுவாங்களான்னா, பாரிஸ்ல நாலு வருஷத்துக்கு ஒருதடவ 1200 கிலோமீட்டர், 90 மணி நேரம், அதுக்குத் தகுதியாம் இது. இதுல எனக்கு வயித்தெரிச்சல் எதுன்னா ரைடுக்குக் குடுக்குற அந்த கார்டு. அதுல வழில கன்ட்ரோல் பாயிண்ட்ல எல்லாம் சீல் வாங்கணும், நடுராத்திரி ஆள் இல்லேன்னா பக்கத்துல ஏடிஎம்ல ஸ்லிப் எடுத்தாவது இந்த நேரத்துல இங்கதான் இருந்தேன்னு நிரூபிக்கணும். விழுப்புரம் தாண்டி ரோட்டோரத்துல ஒரு கிளப்புக்கு இவ்ளோ ஒழுங்கா கணக்குக் காட்டுற மனுஷன், மளிகைக்கடைக்குப் போய்ட்டு எங்க இவ்ளோ நேரம்னு நான் கேட்டா, சந்தேகப்படுறியாங்கிறாரு.

நீயும் கூட வரலாம்லன்னு கேப்பாங்க. எல்லாரும் கேப்பாங்க. போனேங்க. சேந்து போறதுன்னா பக்கத்துல பக்கத்துல பேசிக்கிட்டுப் போறதுன்னு நெனச்சு போனேன். ஈசிஆர்ல பஸ்ஸும் காரும் போற போக்குக்கு பக்கத்துல பக்கத்துல போனா ரெண்டு பேருக்கும் சேத்து மால போடணும், அதனால ஒருத்தர் பின்னாடி ஒருத்தர். நீ என் பின்சக்கரத்த ஒட்டியே வா, காத்த நான் அடைச்சுக்குறேன், உனக்கு கஷ்டம் கொறையும்னாரு, அது உண்மைதான், பின்னாடி வர்றவருக்கு நல்லாவே மிச்சமாகும். ஆனா ஒட்டி வர முடிஞ்சாத்தானே! அஞ்சு நிமிஷத்துல அவரு முதுகு சின்னதாச்சு, அப்புறம் ஒரு புள்ளி, அப்புறம் அதுவும் இல்ல. முட்டுக்காடு பாலத்துல வெயிட் பண்றேன்னு சொல்லியிருந்தாரு, பண்ணாரு, தண்ணி குடிச்சு, போட்டோ எடுத்து, காத்து வாங்கிக்கிட்டு நிக்கிறாரு, நான் நாக்குத் தள்ளி வந்து சேந்து ஒரு கால தரைல ஊனுறேன், வந்துட்டியா, போலாமாங்கிறாரு. அவரு ரெஸ்ட் எடுத்தாச்சு. நான் வந்தது அவரு ரெஸ்ட் முடிஞ்சதுக்கு சிக்னல். வேகமா ஓட்டுறவங்களுக்கு ரெஸ்ட்டும் ஜாஸ்தி, மெதுவா வர்றவங்களுக்கு ரெஸ்ட்டே கெடையாது, சைக்கிள்ல ஜோடியா போன எந்தப் பொம்பளையக் கேட்டாலும் இதத்தான் சொல்லுவாங்க. டேண்டம்னு ரெண்டு பேர் மிதிக்கிற வண்டி இருக்கேன்னா, அதுல பின்சீட்டுக்கும் ஹேண்டில் உண்டு, ஆனா திருப்ப முடியாது, பொதுவா பிரேக்கும் கியரும் முன்னாடி இருக்குறவர் கைல. மிதிக்க மட்டும் நான். அதுக்கு வீட்லயே இருக்கலாமே.

இப்ப நீங்க நெனைக்கலாம், இந்தம்மாவுக்கு சைக்கிள் மேலயே கோவம்னு. இல்லீங்க. 1990கள் ஆரம்பத்துல புதுக்கோட்டைல அறிவொளி இயக்கம் நடந்துச்சு, அப்ப கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், எழுத்து கத்துக்குடுக்குறதோட பொம்பளைங்களுக்கு சைக்கிளும் கத்துக்குடுத்தாங்க, ஆயிரக்கணக்குல பொம்பளைங்க கத்துக்கிட்டாங்க. லேடீஸ் சைக்கிள் கெடைக்காம ஜென்ட்ஸ் சைக்கிளயே வாங்குனாங்க, முன்னாடி பார் இருந்தா புள்ளைய உக்கார வைக்கலாம்ல. அந்த சைக்கிள் என்ன பண்ணுச்சு? பஸ் ஸ்டாப்புக்குக் கொண்டு விட புருஷன் எப்ப வருவான், அண்ணன் எப்ப வருவான்னு காத்துக் கெடந்தவங்க, இனிமே நீ வர வேணாம், நானே போய்க்கிறேன்னு கெளம்புனாங்க. இதையும் நான் பிரிச்சதுன்னுதான் சொல்லுவேன், அருமையாப் பிரிச்சது. சைக்கிளோட வேலையே அதுதான், ஒரு ஆள வீட்லருந்து கழட்டி அவங்க இஷ்டத்துக்கு விடுறது. புதுக்கோட்டைல அது விட்டது புள்ளையவும் தண்ணிக் கொடத்தையும் தூக்கிக்கிட்டு அலைஞ்சவங்கள. ஈசிஆர்ல அது விடுறது யாரங்கிறதுதான் என் சண்ட.

நடுவர் அய்யா, தீர்ப்பு எங்க பக்கம் குடுக்குறதும் குடுக்காததும் உங்க இஷ்டம். ஆனா தீர்ப்புல ஒரே ஒரு ஷரத்து சேத்துடுங்க. இந்த வருஷம் எஸ்ஆர் அடிச்சே தீருவேன்னு நிக்கிற வீட்டுக்காரங்க யாரா இருந்தாலும், வெளிய இருந்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும், மூவிங் டைம் இல்லீங்க, எலாப்ஸ்டு டைம், ஒரு மணி நேரம் புள்ளைங்களோட தனியா வீட்ல இருக்கணும். அந்த நேரத்துல வீட்டம்மா எங்க போறாங்கன்னு கேக்கக் கூடாது, சீல் வாங்கிட்டு வா, ஏடிஎம் ஸ்லிப் காட்டுன்னும் சொல்லக் கூடாது. மூணாவது வரிசைலருந்து இப்பவே எங்க போவேன்னு கையால கேக்குறாரு பாருங்க. சொல்ல மாட்டேன். வணக்கம்.