காந்தம் எடுக்க காசு கிடையாது

எல்லாருக்கும் வணக்கம். எங்கப்பாவ பத்தி பேசச் சொல்லி கூப்ட்டிருக்காங்க. சின்ன டவுன்ல வாட்ச் ரிப்பேர் பாத்தவரு, அவ்ளோதான். அவரு போனப்ப வந்தவங்க எல்லாரும் நல்ல மனுஷன்னு சொன்னாங்க, சரிதான், ஆனா அத மட்டும் சொன்னா ஆளு யாருன்னு தெரியாது, அவரு வேலையச் சொன்னாத்தான் தெரியும்.

சாவி கொடுக்குற பழைய வாட்ச் பலதும் மணிக்கு 18,000 தடவ துடிக்கும், செகண்டுக்கு 5. அந்தத் துடிப்ப நடத்துறதுக்கு உள்ள முடி மாதிரி சுருண்ட ஒரு ஹேர் ஸ்பிரிங் இருக்கு, அதுல காந்தம் ஏறி சுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சுன்னா ஸ்பிரிங்கோட நீளம் கொறஞ்ச கணக்காயிடும், வாட்ச் கன்னாபின்னான்னு ஃபாஸ்டா ஓடும். பதறிட்டு வருவாங்க. ராத்திரி எங்க கழட்டி வைக்கிறீங்கன்னுதான் அப்பா முதல்ல கேப்பாரு, ஸ்பீக்கர் மேலம்பாங்க, அதுக்குள்ளதான் காந்தம் இருக்கு. காந்தத்த எடுக்குறதுக்கு ஒரு நிமிஷம் கூட ஆகாது, காசு வாங்க மாட்டாரு. சர்வீஸ் பண்ணணும்னு சொல்லியிருந்தா யாருக்குத் தெரியப் போகுது? அம்மாவுக்கு இதுல பயங்கர கோவம், நியாயமான கோவம்னுதான் நானும் சொல்வேன், மூணு பிள்ளைங்க படிச்சிட்டிருந்தோம்ல.

வீட்டுக்கும் வேலை கொண்டு வருவாரு. ஃபேன நிறுத்திட்டு வேலைக்கு உக்காந்தாருன்னா யாரும் ஓடக்கூடாது, அந்தக் காத்துக்கே ஸ்க்ரூ பறந்துரும். அப்படியும் விழுந்துட்டா காந்தம் வெச்சு தேட விடமாட்டாரு, எங்களைத்தான் குப்புற படுக்க வெச்சு டார்ச்ச தரையோட தரையா அடிக்கச் சொல்வாரு, தூசி அளவு ஸ்க்ரூவுக்குக் கூட நிழல் நீளமா விழும், தங்கச்சிதான் எப்பவும் கண்டுபுடிப்பா.

1969ல ஜப்பான்ல குவார்ட்ஸ் கைக்கடிகாரம், அதான் சாவி கொடுக்காம செல்லுல ஓடுறது, விற்பனைக்கு வந்துச்சு. எங்க பக்கம் மெதுவாத்தான் வந்துச்சு, வந்தப்புறம் அப்பா வேலை செல் மாத்துறது ஸ்ட்ராப் மாத்துறதுன்னு சுருங்கிடுச்சு. தொழில் செத்துப்போச்சுன்னு அவரு புலம்புனதில்ல, தங்கச்சி காலேஜ் முடிச்சது அந்த செல் காசுலதான்.

கடைய காலி பண்ணப்ப ஒரு டிராயர் பூரா யாரும் வந்து வாங்காத வாட்சுங்க. ஒவ்வொண்ணுலயும் நூல்ல கட்டுன சீட்டு, பேரு, கோளாறு, பாக்கி எவ்ளோன்னு. எல்லாமே ரிப்பேர் முடிஞ்சது. விசாரிச்சு விசாரிச்சு கொண்டுபோய் குடுத்துட்டிருக்கோம், சில வீட்ல குடுத்தவரே இப்ப இல்ல, பசங்க வாங்கிக்கிறாங்க. பாக்கி எவ்ளோன்னு கேட்டா வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரும், ஆனா அம்மா கண்டிப்பா வாங்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க.