கேக்கின் பாரத்தைக் கேக் சுமக்கக் கூடாது

வணக்கம் நேயர்களே.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்கு மூன்றடுக்கு கேக் செய்தேன். ராத்திரி முழுக்க உட்கார்ந்து பூ வேலை. காலையில் காரில் ஏற்றி, மெதுவாகத்தான் கொண்டுபோனோம். போய்ச் சேர்ந்து பெட்டியைத் திறந்தால் மேல் அடுக்கு ஒரு பக்கமாகச் சறுக்கியிருக்கிறது. நடு அடுக்கின் ஓரத்தில் கிரீம் பிதுங்கி நிற்கிறது. பக்கத்தில் மணமகளின் அம்மா. அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அந்த முகம் இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது.

உள்ளே குச்சிகள் ஒழுங்காகத்தான் வைத்திருந்தேன். அப்புறம் ஏன் சறுக்கியது? அதைத்தான் இன்று உங்களோடு பேசப்போகிறேன்.

அடுக்கு கேக்குக்கு இரண்டு தொல்லைகள். ஒன்று, மேலிருந்து கீழே அழுத்தும் எடை. இன்னொன்று, பக்கவாட்டில் தள்ளும் அசைவு. மேசையில் நிற்கும்வரை எடை மட்டும்தான். வண்டியில் ஏறியதும் அசைவும் சேர்ந்துகொள்கிறது. நான் எடைக்கு மட்டும் வழி செய்திருந்தேன்.

முதலில் எடையைப் பார்ப்போம். 6 அங்குல அகலம், 4 அங்குல உயரம் உள்ள கேக் கிரீமோடு சேர்ந்து சுமார் 1.5 கிலோ வரும். 8 அங்குலம் என்றால் 3 கிலோவை நெருங்கும். அடியில் இருக்கும் 10 அங்குல கேக்கின் தலையில் இந்த இரண்டும் உட்கார்ந்தால் 4 கிலோவுக்கு மேல். ஸ்பாஞ்ச் என்பது பாதி காற்று. அவ்வளவு பாரத்தை அது தாங்காது. அதனால் ஒவ்வொரு அடுக்கும் தனக்கென ஒரு கேக் போர்டின் மேல் உட்கார வேண்டும். அந்தப் போர்டை, கீழ் அடுக்குக்குள் தூண் மாதிரி செருகிய ‘டவல்’ (dowel) என்கிற குச்சிகள் தாங்க வேண்டும். மாடி வீட்டில் தளமும் தூணும் செய்கிற வேலைதான் இது. பாரம் குச்சி வழியாக நேரே அடிப்பலகைக்கு இறங்கிவிடும். கேக் தன் எடையை மட்டும் சுமந்தால் போதும்.

6 அங்குல அடுக்கைத் தாங்க நான்கைந்து குச்சி, 8 அங்குலத்துக்கு ஆறு. எங்கே குத்துவது என்று தெரிய, மேலே வரப்போகிற அளவில் ஒரு போர்டை கிரீமின் மேல் லேசாக அழுத்தி எடுங்கள். வட்டம் பதிந்துவிடும். அந்த வட்டத்துக்குள், ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளிக் குத்துங்கள்.

குச்சி வெட்டுவதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். கேக்கின் மேற்பரப்பு எங்கே கொஞ்சம் உயர்ந்திருக்கிறதோ, அங்கே ஒரு குச்சியை அடிவரை இறக்கி, கிரீம் மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு வெளியே எடுங்கள். அந்த அளவுக்கே எல்லாக் குச்சிகளையும் வெட்டுங்கள். ஒவ்வொன்றையும் அது நிற்கும் இடத்து உயரத்துக்கு வெட்டினால், ஒரு கால் குட்டையான மேசை மாதிரி மேல் அடுக்கு ஆடும். ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால் அந்த இடைவெளியைக் கிரீம் பூசி மறைத்துவிடலாம். குறைந்தால் பாரம் மறுபடி கேக்கின் மேல்தான் விழும்.

சரி, இப்போது அசைவு. இதற்கு நடுக்குச்சி வேண்டும். எல்லா அடுக்கையும் போர்டோடு சேர்த்துத் துளைத்து அடிப்பலகைவரை போகிற ஒரே நீளக் குச்சி. பாலிஷ் போடாத மரக்குச்சியை நன்றாகக் கழுவிக் காயவைத்து, ஒரு முனையைப் பென்சில் சீவுவதுபோல் கூராக்கிக்கொள்ளுங்கள். போர்டு கெட்டியானதாக இருந்தால் கேக் வைப்பதற்கு முன்பே நடுவில் ஓட்டை போட்டுவிடுங்கள். மெல்லிய அட்டை என்றால் சுத்தியலால் மெதுவாகத் தட்டினாலே போதும். கேக்குக்குள் இறங்கும்போது சத்தமே வராது. போர்டைத் தொட்டதும் ‘டொக்’ என்று கேட்கும், அப்புறம் சட்டென்று வழிவிடும். கடைசியில் அடிப்பலகையில் பதியும்போது சத்தம் கனமாக மாறும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு சீராகும். அன்று என் கேக்கில் இல்லாமல் போனது இந்த ஒரு குச்சிதான்.

குளிர்ச்சியை மறந்துவிடாதீர்கள். வெண்ணெய் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உருக ஆரம்பிக்கும்; அதற்கு வெகு முன்பே இளகிவிடும். முந்தின ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் இருந்த பட்டர்கிரீம் கேக் கல் மாதிரி இறுகியிருக்கும். பயணத்துக்கு அதைவிட நல்ல துணை கிடையாது. ஃபாண்டன்ட், அதாவது மாவு போல் தேய்த்து விரிக்கும் சர்க்கரைப் போர்வை, போர்த்திய கேக்கை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தால் மேலே வியர்க்கும். துடைக்காதீர்கள், தொடவும் தொடாதீர்கள், தானாகக் காய்ந்துவிடும்.

காரில் சீட்டின் மேல் வைக்கவே வேண்டாம், சீட் பின்பக்கம் சரிந்திருக்கும். மடியும் வேண்டாம். டிக்கியின் தட்டையான தரைதான் சரியான இடம். அடிப்பலகைக்குக் கச்சிதமாகப் பொருந்தும் பெட்டி, அதன் அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு. டிக்கி தனியாக மூடியிருக்கிற கார் என்றால் ஏசி காற்று அங்கே வராது. பின் சீட்டை மடக்கிவிட்டு, புறப்படுவதற்கு முன்பே ஏசியைப் போட்டு வண்டியைக் குளிரவையுங்கள்.

ஓட்டுகிறவரிடம் ஒன்றைச் சொல்லுங்கள். வளைவில் கேக்கைப் பக்கவாட்டில் தள்ளும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 40-இல் திரும்புகிற வளைவில் 20-இல் திரும்பினால் தள்ளுவது கால்பங்காகக் குறைந்துவிடும். மேடு பள்ளத்தைவிட நான் பயப்படுவது வளைவுக்கும் திடீர் பிரேக்குக்கும்தான்.

நான்கு அடுக்கு, நீண்ட பயணம், போய்ச் சேரும் இடத்தில் மாடிப்படி என்றால் அடுக்குகளைத் தனித்தனிப் பெட்டியில் கொண்டுபோய் அங்கேயே அடுக்குவதுதான் என் வழக்கம். குச்சிகளை வீட்டிலேயே வெட்டிச் செருகிவிட்டால் அங்கே அரை மணி வேலைதான். கூடவே கொஞ்சம் கிரீம், கிரீம் தடவும் தட்டையான பேலட் கத்தி ஒன்று, நாலைந்து பூக்களையும் எடுத்துக்கொள்வேன். விரல் பட்டுக் கீறின இடங்களுக்கு அது போதும்.

கேக்கை ஒப்படைக்கும்போது ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். நடுவில் ஒரு நீளக் குச்சி, கீழ் அடுக்கில் ஆறு, நடு அடுக்கில் நான்கு என்று. வெட்டுகிறவர் முதலில் நடுக்குச்சியை உருவிவிட்டு, மேலிருந்து ஒவ்வோர் அடுக்காகப் போர்டோடு தூக்கி இறக்கி வெட்டட்டும். எடுத்த குச்சிகளை ஒரு தட்டில் போட்டு எண்ணட்டும். பதினொன்றும் வந்த பிறகு குழந்தைகளுக்குத் துண்டு கொடுக்கலாம்.