தெர்மோஸ்டாட் மாற்றும்போது நிறத்தை நம்பலாமா?

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டின் சூட்டையும் குளிர்ச்சியையும் கட்டுப்படுத்தச் சுவரில் மாட்டியிருக்கும் கருவிதான் தெர்மோஸ்டாட். பழையதைக் கழற்றிவிட்டு நாமே புதியதை மாட்டிவிடலாம் என்று ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுப்பவர்கள், மூடியைத் திறந்ததும் பார்ப்பது வயர்களின் நிறத்தைத்தான். சிவப்புக்குச் சிவப்பு, பச்சைக்குப் பச்சை, வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். பல வீடுகளில் அது பலித்தும்விடும். பலிக்காத வீடுகளிலிருந்துதான் எங்களைப் போன்ற மெக்கானிக்குகளுக்குப் போன் வருகிறது.

அந்த வயர் பழைய தெர்மோஸ்டாட்டில் அச்சிட்டிருக்கும் எந்த ஆங்கில எழுத்துக்குக் கீழே மாட்டியிருந்தது? கேட்க வேண்டிய கேள்வி இதுதான். நிறம் என்பது கேபிள் செய்தவர் பூசியது. எழுத்துதான் அந்த வயர் என்ன வேலை பார்க்கிறது என்று சொல்லும்.

நான் பேசுவது அமெரிக்கா, கனடா வீடுகளில் பரவலாக இருக்கும் 24 வோல்ட் அமைப்பைப் பற்றி. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் என்ற கருவிக்குள் இருக்கும் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வீட்டு மின்சாரத்தை 24 வோல்ட்டாகக் குறைத்துச் சுவருக்கு அனுப்புகிறது. அது வந்து நிற்கும் இடம் ஆர் (R) என்ற எழுத்து. அங்கிருந்து டபிள்யூவுக்கு (W) இணைப்புக் கொடுத்தால் ஹீட்டர் ஓடும், ஒய்க்குக் (Y) கொடுத்தால் ஏசியின் கம்ப்ரஸர், ஜிக்குக் (G) கொடுத்தால் ஃபேன். தெர்மோஸ்டாட் செய்வதெல்லாம் இந்த இணைப்பைப் போடுவதும் எடுப்பதும்தான். சி (C) என்பது மின்சாரம் திரும்பிப் போகும் வழி. வைஃபை தெர்மோஸ்டாட்டுகள் நாள் முழுக்க விழித்திருக்க வேண்டியவை என்பதால் பெரும்பாலும் இந்த சி வயரைக் கேட்கும்.

வழக்கம் என்று ஒன்று இருக்கிறது. ஆருக்குச் சிவப்பு, டபிள்யூவுக்கு வெள்ளை, ஒய்க்கு மஞ்சள், ஜிக்குப் பச்சை, சிக்கு நீலம் அல்லது கறுப்பு. ஆனால் இது வழக்கம் மட்டுமே. மாட்டியவர் கையில் அன்றைக்கு நான்கு வயர் கேபிள்தான் இருந்திருக்கும், ஐந்தாவது வேலைக்கு வேறெங்கோ கிடந்த துண்டு வயரை இழுத்திருப்பார். அல்லது நீல வயர் உள்ளே அறுந்திருக்கும், சும்மா இருந்த பழுப்பை சியில் மாட்டியிருப்பார். பரண் மேல் பாதி வழியில் ஒட்டுப் போட்டிருந்தால் இன்னும் வேடிக்கை: ஃபர்னஸ் பக்கம் மஞ்சளாகப் புறப்பட்டது சுவரில் வெள்ளையாக எட்டிப்பார்க்கும். சந்தேகம் வந்தால் ஃபர்னஸின் மூடியைத் திறந்து, இந்த வயர்கள் போய்ச் சேரும் போர்டில் அதே எழுத்துகளுக்குக் கீழே என்ன நிறம் போகிறது என்றும் பார்த்துவிடுங்கள்.

எனக்கு எப்போதும் நெருடுவது நீல வயர். அது பி (B) என்ற எழுத்துக்குக் கீழே இருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். ஹீட் பம்ப் என்றால் ஒரே கருவி சூடும் தரும், குளிர்ச்சியும் தரும். ரீம், ரூட் நிறுவனங்களின் ஹீட் பம்புகளில் பி என்பது சூட்டுக்கும் குளிர்ச்சிக்கும் திசை மாற்றும் வால்வுக்கான வயர். டிரேன் நிறுவனத்தின் பழைய கருவிகள் சிலவற்றிலோ அதே பி என்ற எழுத்து சியின் வேலையைச் செய்யும். எழுத்தைப் பாருங்கள் என்று இவ்வளவு நேரம் சொன்ன நானே, இந்த ஒரு எழுத்துக்கு மட்டும் கருவியின் வரைபடத்தைப் பாருங்கள் என்கிறேன்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் ஃபர்னஸுக்கும் ஏசிக்கும் போகும் பிரேக்கர்களை அணையுங்கள். பழைய தெர்மோஸ்டாட்டின் மூடியை மட்டும் எடுத்துப் பாருங்கள். வயர் நுனிகளைச் சேர்த்துப் பிடிக்கும், விரல் தடிமனுக்குக் கிட்ட வரும் முறுக்கு மூடிகளும் தடித்த வயர்களும் தெரிந்தால், அது 120 அல்லது 240 வோல்ட் நேராக வரும் அமைப்பாக இருக்கலாம். அங்கே 24 வோல்ட் தெர்மோஸ்டாட்டுக்கு இடமில்லை, மூடியைத் திரும்ப மாட்டிவிடுங்கள். மெல்லிய வயர்கள் என்றால், எழுத்துகள் தெளிவாகத் தெரியும்படி போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வயரிலும் அதன் எழுத்தை எழுதிய ஸ்டிக்கரை ஒட்டிய பிறகே ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். வயர்கள் சுவருக்குள் நழுவிவிடாமல் ஒரு பென்சிலில் சுற்றி வைப்பது எங்கள் ஆட்களின் பழக்கம்.

சில தெர்மோஸ்டாட்டுகளில் ஆர் என்பது சூட்டுக்கு ஆர்எச் (Rh), குளிர்ச்சிக்கு ஆர்சி (Rc) என்று இரண்டாக இருக்கும், நடுவே ஒரு குட்டி வயர் பாலம் போட்டிருக்கும். அது சுவரிலிருந்து வருவதில்லை, எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். புதிய தெர்மோஸ்டாட்டுகள் பலவற்றில் அந்த இணைப்பு உள்ளேயே இருக்கிறது. அதே போல, கேபிளின் உறையைச் சுற்றிப் பின்னால் மடித்து வைத்த வயர் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். சி வயர் இல்லையே என்று கவலைப்பட்ட பல வீடுகளில் அது அங்கேதான் ஒளிந்திருக்கும். மறுமுனையை ஃபர்னஸ் போர்டின் சியில் மாட்டினால் தீர்ந்தது.

செம்பு நுனி நேராக, ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்கட்டும். மாட்டிய பிறகு மெல்ல இழுத்துப் பாருங்கள், வெளியே செம்பு பளிச்சென்று தெரியக் கூடாது. ஆரும் சியும் உரசினால் போர்டில் உள்ள ஃப்யூஸ் போய்விடும். அது காரில் இருப்பது போன்ற தட்டை ஃப்யூஸ். ஊதா என்றால் 3 ஆம்ப், வெளிர்பழுப்பு என்றால் 5 ஆம்ப். நிறத்தை நம்பலாம் என்றால் இந்த ஒரு இடத்தில் நம்பலாம். ஃப்யூஸ் இல்லாத பழைய கருவியில் டிரான்ஸ்ஃபார்மரே கருகும்.

கழற்றியது 1953-இல் ஹனிவெல் கொண்டுவந்த அந்த வட்ட வடிவத் தெர்மோஸ்டாட்டின் வழிவந்ததாக இருந்தால், உள்ளே கண்ணாடிக் குமிழில் பாதரசம் இருக்கலாம். குப்பையில் போடாமல், அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

பிரேக்கரைப் போட்டதும் முதலில் ஃபேனை மட்டும் ஓட்டிப் பாருங்கள், பிறகு ஹீட்டரை. கம்ப்ரஸர் உடனே கிளம்பவில்லை என்றால் பதறாதீர்கள், பல தெர்மோஸ்டாட்டுகள் சுமார் ஐந்து நிமிடம் காத்திருக்க வைக்கும். வெளியே 15 டிகிரி செல்சியஸுக்கும் கீழே இருக்கிற நாளில் ஏசியைச் சோதிக்காமல் இருப்பது கம்ப்ரஸருக்கு நல்லது. ஹீட் பம்ப் இருக்கும் வீட்டில் சூடு கேட்டால் குளிர்காற்று வருகிறதா? வயரைக் கழற்ற வேண்டாம். தெர்மோஸ்டாட்டின் மெனுவில், அந்தத் திசை மாற்றும் வால்வுக்காக ஓ (O), பி (B) என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கும். அதை மற்றொன்றுக்கு மாற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.