ஏப்பம் வந்தால் கேஸ்தானா?

வணக்கம். கம்பத்தில் டாக்டராக இருக்கிறேன். விடியற்காலையில் ஜீப்பில் குமுளி மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் பையில் தூக்குச்சட்டியோடு ஒரு அட்டை கேஸ் மாத்திரையும் இருக்கும். கேட்டால், வெறும் வயிற்றில் கட்டஞ்சாயா (பால் இல்லாத டீ) குடிக்கிறோம், நெஞ்சு எரியாமல் என்ன செய்யும் என்பார்கள். சாயா மேல் மட்டும் பழி போட வேண்டாம், வயிற்றில் ஒரு கிருமி குடியிருக்கலாம்.

ஹெலிகோபேக்டர் பைலோரி என்று பேர். பேர்தான் வாயில் நுழையாது, கிருமி வாய் வழியாகத்தான் நுழைகிறது, பெரும்பாலும் சின்ன வயதிலேயே. இரைப்பை அமிலத்தில் எப்படிப் பிழைக்கிறது என்றால், அங்கே இருக்கும் யூரியாவை, ஆமாம், நாம் வயலுக்குப் போடும் அதே யூரியாதான், அதை உடைத்து அம்மோனியாவாக்கித் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொள்கிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரண்டு டாக்டர்கள், இரைப்பை அழற்சிக்கும் புண்ணுக்கும் இந்தக் கிருமிதான் காரணம் என்று சொன்னபோது பலர் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் கிருமியை வளர்த்துத் தானே குடித்து, வாந்தியும் இரைப்பை அழற்சியுமாக அவதிப்பட்டுக் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

சரி, இந்தக் கிருமியால் மாரடைப்பும் வருமா என்ற கேள்விக்கு வருவோம். இதய நோயாளிகளிடம் இந்தக் கிருமி அதிகம் தென்படுகிறது என்று 1994-ல் லண்டனிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. ஆனால் நெருக்கடியான வீடு, வறுமை, பீடி இருக்கும் இடத்தில் கிருமியும் இருக்கும், மாரடைப்பும் வரும். எதனால் எது என்று பிரிப்பது லேசில்லை. கிருமியை ஒழித்தால் மாரடைப்பு குறையும் என்று இன்னும் நிரூபணமாகவில்லை, அந்தப் பயத்தில் டெஸ்டுக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்துக்கொண்டு, ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் ஆஸ்பிரின் போடுகிறவர் வயிற்றில் இந்தக் கிருமி இருந்தால் புண்ணிலிருந்து ரத்தம் கசியலாம். மலம் தார் மாதிரிக் கறுத்துப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். கிருமி இருக்கிறதா என்று அறிய மூச்சை ஊதிப் பார்க்கும் டெஸ்ட் இருக்கிறது. கிருமியை ஒழிக்கும் மருந்து பொதுவாக 14 நாள், எரிச்சல் அடங்கியதும் அஞ்சாம் நாளே நிறுத்துகிறவர்கள்தான் அதிகம்.

இன்னொன்று. ஒரு ஜீப் டிரைவர் குமுளியில் நெஞ்சடைப்புக்கு எலுமிச்சை சோடா குடித்து, இரண்டு மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கேஸுக்கு ஊசி போடச் சொல்லி வந்தார். சட்டை முதுகெல்லாம் வேர்வை. ஈசிஜி தாளில் மாரடைப்பு தெளிவாகத் தெரிந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போதும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஏப்பம் வந்துச்சே சார்."