சுவரைக் காட்டிலும் கொடியது நாள் தெரியாத காத்திருப்பே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவைக்கு வந்திருக்கும் பெரியோரே, அனைவருக்கும் வணக்கம்.

சிறைவாசியின் அன்றாடத்தைப் பெரிதும் வதைப்பது நெரிசலும் வசதிக்குறைவுமா, முடிவு தெரியாத காத்திருப்பா என்பதே இன்றைய வழக்கு. நெரிசலைப் பற்றி எதிரணித் தலைவர் சொன்னதை நான் மறுக்கப் போவதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 4,36,266 பேருக்கு இடமுள்ள இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் அடைபட்டிருந்தார்கள். ஆனால் அதே அறிக்கையின் இன்னொரு எண்ணை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். அந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நால்வரில் மூவர் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்காதவர்கள். சிறையை நிரப்பி வைத்திருப்பதே காத்திருப்புத்தான் என்றால், எதிரணி காட்டும் நோயின் வேர் எங்கள் பக்கம் அல்லவா இருக்கிறது? தமிழ்நாட்டுச் சிறைகளில், மொத்தக் கணக்கில், கொள்ளளவுக்கு மிஞ்சிய கூட்டம் இல்லை என்றும் அந்த அறிக்கையே சொல்கிறது. நெரிசல்தான் துன்பம் என்றால் புழலிலும் பாளையங்கோட்டையிலும் இருப்பவர்கள் நிம்மதியாக உறங்க வேண்டும். உறங்குகிறார்களா?

ஒரு நாள் அங்கே எப்படிக் கழிகிறது என்று பாருங்கள். காலை ஆறு மணியளவில் கதவைத் திறந்து தலை எண்ணுகிறார்கள். மாலை ஆறு மணியளவில் மறுபடியும் எண்ணி உள்ளே விட்டுப் பூட்டுகிறார்கள். இடைப்பட்ட பகலில் தண்டனைக் கைதிக்குத் தறி உண்டு, தையல் உண்டு, அடுமனை உண்டு. செய்த வேலைக்குக் கூலியும், நன்னடத்தைக்குத் தண்டனைக் குறைப்பு நாட்களும் உண்டு. அவருக்கு விடுதலை நாள் என்று ஒன்று இருக்கிறது, அதிலிருந்து தினமும் ஒன்றைக் கழித்துக்கொள்ளலாம். விசாரணைக் கைதியிடம் கட்டாய வேலை வாங்கக் கூடாது என்பது நியாயமான விதிதான். ஆனால் அந்த விதி அவருக்கு விட்டுவைப்பது வெறும் பகல். எதிலிருந்து எதைக் கழிப்பது என்று தெரியாத அந்தப் பகலுக்கு அவரிடம் இருக்கும் ஒரே அடையாளம் வாய்தா.

அந்த வாய்தாவாவது முறையாக நடக்கிறதா? ஒரு தடவைக்கு 15 நாட்களுக்கு மிகாமல்தான் காவலை நீட்டிக்கலாம் என்கிறது சட்டம். நீட்டிப்பு மட்டும் தவறாமல் நடக்கிறது. வழிக்காவலுக்குப் போலீசார் இல்லை என்று ஒரு முறை, சாட்சி வரவில்லை என்று ஒரு முறை, வக்கீல் வரவில்லை என்று ஒரு முறை. காணொலி வழி விசாரணை வந்த பிறகோ, திரைக்கு முன் சில நிமிடங்கள் நின்றுவிட்டு, என்ன பேசினார்கள் என்றே புரியாமல் பிளாக்குக்குத் திரும்புகிறார். மனு பார்க்க, அதாவது அவரை நேரில் சந்திக்க, ஊரிலிருந்து பேருந்து ஏறி வரும் மனைவி, தடுப்புக்கு அப்பால் நின்று கேட்கும் முதல் கேள்வி, "எப்ப விடுவாங்களாம்?" என்பதுதான். கைதிக்கும் தெரியாது, காவலில் நிற்கும் வார்டருக்கும் தெரியாது.

எதிரணிச் சகோதரி உணவையும் தண்ணீரையும் பற்றி உருக்கமாகப் பேசினார். தண்ணீரைப் பற்றியே நானும் பேசுகிறேன். திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் பழங்குடியினரிடையே உழைத்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி, 2020 அக்டோபரில் கைதாகி, 83 வயதில் மராட்டியத்தின் தலோஜா சிறையில் இருந்தார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும், தம்ளரைப் பிடித்துக் குடிக்க முடியாது. உறிஞ்சுகுழலும் குவளையும் வேண்டி நவம்பர் தொடக்கத்தில் அவர் நீதிமன்றத்துக்கு மனுப் போட்டார். விசாரணை அந்த மாதம் 26-ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. சிறையில் தண்ணீர் இல்லாமலா போயிற்று? அதைக் குடிப்பதற்கான குழலுக்குக்கூட வாரக்கணக்கில் ஒருவர் காத்திருக்க வேண்டியிருந்ததே, அதைத்தான் நான் சொல்கிறேன். 2021 ஜூலை 5-ஆம் தேதி, ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே, அவர் மருத்துவமனையில் இறந்துபோனார்.

வசதிகளைப் பெருக்கினால் துயரம் தீரும் என்கிறார்கள். 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் 'கூண்டுக்குள் வானம்' என்ற பெயரில் சிறை நூலகங்களுக்குச் சிறைத்துறை நூல்கள் திரட்டியதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். இன்னும் பல மடங்கு செய்ய வேண்டும். ஆனால் ஐந்தாண்டைத் தாண்டியும் விசாரணைக் கைதியாகவே இருப்பவர்கள் இந்த நாட்டில் 11,000 பேருக்கு மேல் என்கிறது அதே 2022 அறிக்கை. எத்தனை நூல்கள் கொடுத்தாலும் அந்த ஐந்தாண்டு திரும்புமா? குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் கிடைத்திருக்கும் தண்டனையைவிட நெடுங்காலம் பீகார்ச் சிறைகளில் கிடந்தவர்களை, ஹுசைனாரா காத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1979-இலேயே கண்டு அதிர்ந்தது. இன்று முதல் முறை குற்றம் சாட்டப்பட்டவர், சில விதிவிலக்குகள் தவிர, அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலம் உள்ளே இருந்துவிட்டால் பிணையில் விட வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவு தனக்குப் பொருந்தும் என்பதை உள்ளே இருக்கும் கூலித் தொழிலாளிக்கு யாராவது சொல்லும் வரை அதற்கும் காத்திருக்கத்தான் வேண்டும்.

நடுவர் அவர்களே, ஜாமீன் கிடைத்த பிறகாவது காத்திருப்பு முடிகிறதா என்றால், அதுவும் இல்லை. பிணை உத்தரவு வந்து 7 நாட்களாகியும் ஒருவர் வெளியே போகவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர், இலவச சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரி 31-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நீதிபதியே போகலாம் என்று சொன்ன பிறகும் பிணைதாரர் இல்லாமல், வீட்டு வரி ரசீது காட்ட ஆள் இல்லாமல் உள்ளேயே இருப்பவர்கள் இருப்பதால்தான் அப்படி ஓர் ஆணை தேவைப்பட்டது. அவருக்கு நீங்கள் அகலமான அறை கொடுங்கள், மின்விசிறி கொடுங்கள், ஞாயிறுதோறும் கோழிக்கறி கொடுங்கள். அவர் கேட்பது வெளியே கையெழுத்துப் போட இரண்டு பேரை. அந்த இரண்டு பேரை எந்த வசதிப் பட்டியலில் சேர்ப்பீர்கள் என்று எதிரணியினரைக் கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.